நீ சொன்னதும் நான் மொழிபெயர்த்ததும்

நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். தில்லியில் புசா ரோடு பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தமிழ் அது. தெரிந்தும் தமிழில்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் மெட்ரோவில் நின்றுகொண்டே கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்துவிட்டு, "படிச்சிட்டேம்மா" என்று ஒரு மெசேஜ் போட்டு முடித்துவிடுவாய். இதை நீ வரிக்கு வரி நின்று, திணறி, ஒரு சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. மற்றவர்களும் படிக்கலாமா என்று உன்னிடம் கேட்டுக்கொண்டேன். "பேர் மட்டும் போடாத அம்மா, பாக்கி சப் சலேகா" என்றாய், மற்றதெல்லாம் பரவாயில்லையாம். போடவில்லை.

அடுத்த வாரம் நீ சென்னைக்குப் போகிறாய். கல்லூரி, ஹாஸ்டல், ஒரு அறையில் இரண்டு பேர். பெட்டி பாதி நிரம்பிவிட்டது. சாமான்களை எடுத்துவைக்கும்போது நீ என்னிடம் இரண்டு விஷயம் கேட்டாய். ஒன்று: "ஹாஸ்டல்ல யாருக்கும் சொல்லாத. வார்டனுக்கு போன் போடாத. ப்ராமிஸ்?" இன்னொன்று, கொஞ்ச நேரம் கழித்து, சட்டையை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல்: "அந்த டைம்ல நான் என்னதான் பண்ணேன்?" முதலாவதுக்குத் தலையை ஆட்டி வைத்தேன். ஆட்டியதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. இரண்டாவதுக்குப் பதில் சொல்லத்தான் அப்பாவும் நீயும் படுத்த பிறகு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

உனக்கு ஒன்றும் நினைவில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அந்தத் தீபாவளிக்கு முந்தியது நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரி ஜன்னலில் குரங்கு வந்து உட்கார்ந்தது நினைவிருக்கிறது. நடுவில் இருந்தது முழுக்க என்னிடம், உன் அப்பாவிடம், உன் சித்தியிடம் பங்கு போட்டு இருக்கிறது. உன் வாழ்க்கையில் ஒரு பகுதி உன்னிடம் இல்லாமல் எங்களிடம் இருக்கிறது என்பது நியாயமில்லை. எடுத்துக்கொள்.

பதினோராம் வகுப்பு. தீபாவளி முடிந்து, புகையில் தில்லியே இருமிக்கொண்டிருந்த வாரம். உனக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தன, போயின. எல்லோருக்கும்தான் வந்தது, யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு உனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் காலையில் நான் சமையலறைக்குள் போனால் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கிச் சுவரோரம் போட்டிருந்தாய். பால் திரிந்து கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "அது கேக்குது" என்றாய். கரோல் பாக் கோச்சிங் வகுப்பிலிருந்து கோல் மார்க்கெட் வரைக்கும் நடந்தே வீட்டுக்கு வர ஆரம்பித்தாய். மெட்ரோவில் அறிவிப்புச் சொல்லும் பெண்ணுக்கு உன் பெயர் தெரியும் என்று காரணம் சொன்னாய். என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சிரிப்பாய்.

"பயலுக்குப் பரீட்சைப் பயம், வேற ஒண்ணுமில்ல" என்றார் உன் அப்பா. "கோச்சிங்ல போட்டுப் பிழியுதாங்க. நீ அவனயே பாத்துக்கிட்டு நிக்காத, நீ பாக்கதுலயே அவனுக்குப் பயம் கூடுது." மாடி வீட்டு ஆன்டி, "நஜர் லக் கயி பச்சே கோ" என்று கண்ணேறு கழிக்க மிளகாயைச் சுற்றிக் கொண்டுவந்தார். நான் இணையத்தில் தேடித் தேடிப் படித்தேன். உன்னைப் பெற்றபோது எனக்கு இருபத்திரண்டு நிறையவில்லை. பாளையங்கோட்டையில் விலங்கியல் முடித்த கையோடு கல்யாணமாகித் தில்லிக்கு ரயில் ஏறியவள். எதையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்ற திமிர் எனக்கு உண்டு. படித்ததெல்லாம் சேர்ந்து ஒரே சொல்லில் வந்து நின்றது. அதை உன் அப்பாவிடம் சொன்னபோது, "எம்புள்ள என்ன பைத்தியமா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மறுநாள் அவரேதான் ஆபீஸில் விசாரித்து ஒரு மனநல மருத்துவரின் முகவரியோடு வந்தார்.

அந்த மருத்துவரை நீ பிறகு பார்த்திருக்கிறாய், ஆனால் அப்போது பார்த்தது உனக்கு நினைவிருக்காது. மெல்லிய குரலில் பேசுகிற பெண்மணி. உன்னிடம் இந்தியில் கேட்டார்: தூக்கம் வருகிறதா, யாராவது உன்னைக் கவனிப்பதுபோல் இருக்கிறதா, பயமாக இருக்கிறதா. நீ அவருக்குப் பதிலே சொல்லவில்லை. அவர்மேல் உனக்கு நம்பிக்கை இல்லை. என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு என் காதுக்குள் தமிழில் சொன்னாய். நான் அதை இந்தியில் அவரிடம் சொன்னேன். இப்படித்தான் நடந்தது, போன ஒவ்வொரு முறையும்.

நம்பினால் நம்பு, எனக்கு அப்போது ஒரு ஓரத்தில் சந்தோஷமாக இருந்தது. தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம், வீட்டில்கூட "ஜல்தி கரோ அம்மா" என்று திரிந்த பையன், கஷ்டகாலத்தில் அம்மாவின் பாஷைக்குத் திரும்பிவிட்டான் என்று நினைத்தேன். அது நீ திரும்பி வந்தது இல்லை. ஒவ்வொரு பாஷையாக உன்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, கடைசியில் மிச்சம் இருந்தது அதுதான். எனக்கு அது எப்படித் தெரியும்?

தெரிந்திருக்க வேண்டும் என்று உன் சித்தி இப்போதும் சொல்வாள். ஆனால் நம் வீட்டு வழக்கத்தை யோசித்துப் பார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு போன் போட்டால் நீ பேசுவாய், நான் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த சொல்லை எடுத்துக் கொடுப்பேன். "மாமா, நான் நேத்து... அது..." என்று நீ நிற்பாய். "மேட்ச் ஜெயிச்சேன்" என்று நான் கிசுகிசுப்பேன். "ஆங், ஜெயிச்சேன்" என்பாய். அந்தப் பக்கம் மாமா, "எல மருமவனே, ஒனக்கு சப்டைட்டில் போடுததுக்கு ஒங்கம்மைக்கு சம்பளம் உண்டால?" என்று சிரிப்பார். வாக்கியத்தின் முன்பாதி உன்னுடையது, பின்பாதி என்னுடையது. தில்லியில் நம்மைப் போன்ற எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். நீ நிற்பதும் நான் முடிப்பதும் எனக்கு மூச்சு விடுவதுபோல.

ஆகவே நீ என் காதில், "ஃப்ரிட்ஜ்... அது வந்து... கேட்டு, நான் கேட்டு, அது அது..." என்று சொன்னபோது, நான் மருத்துவரிடம் சொன்னது இது: "நாங்கள் வீட்டில் பேசுவதையெல்லாம் ஃப்ரிட்ஜ் ஒட்டுக் கேட்டு யாருக்கோ சொல்கிறதாம்." எழுவாய், பயனிலை, எல்லாம் ஒழுங்காக. 'யாருக்கோ' என்பதை நானே சேர்த்தேன், அதுதான் அங்கே பொருந்தியது. மருத்துவர் கேட்டுக்கொண்டார், எழுதிக்கொண்டார், மாத்திரை கொடுத்தார். அவர் என்ன செய்வார்? அவர் கேட்டதெல்லாம் தெளிவாக, கோர்வையாக வந்த ஒரு மனப்பிரமை. அதற்குரிய மாத்திரையைக் கொடுத்தார். மாத்திரை சாப்பிட்டதும் உன் உடம்பு கட்டைபோல் விறைத்தது. உதட்டை ஓயாமல் மென்றாய். அதையும் மாத்திரையின் வேலை என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

அடுத்த முறை போக வேண்டிய நாளில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. குரலே எழும்பவில்லை. குருகிராமில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு உன் சித்தி வந்தாள். என் தங்கை எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். கம்ப்யூட்டரோடு பேசிப் பேசி, சொன்னதை மட்டும் கேட்கிறவளாக ஆகிவிட்டாள். உன்னை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவைத்தோம். மருத்துவர் கேட்டார். நீ இந்த முறை சித்தியின் காதில் ஏதோ சொன்னாய். அவள் உன்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு இந்தியில் மருத்துவரிடம், "'கதவு, இல்லை, அது, அது, வந்து அது, கதவு' என்கிறான். இது வாக்கியமே இல்லை" என்றாள்.

எனக்கு வந்த கோபம்! அவள் கையைக் கிள்ளி, இல்லாத குரலில் சொன்னேன்: "கதவைப் பூட்டினாலும் யாரோ வந்துடுதாங்கன்னு சொல்ல வாரான்டி."

"நீ சும்மா இரு அக்கா. அவன் சொல்ல வந்தத யாரு கேட்டா? சொன்னதத்தான கேக்காங்க."

"அவன் தமிழ் எப்பவும் அப்படித்தாம்லா."

"எப்பவும் இப்படியா? என்ட்ட இருக்கு, பாக்கியா?" என்று போனை எடுத்தாள். அவள் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைத் தேடிப் போட்டாள். அந்த அறையில் உன் குரல் கேட்டது: "சித்தி, ஹேப்பி பர்த்டே! நீங்க கேக் வாங்கி வச்சுக்கோ, நான் சண்டே வந்து ஃபுல்லா தின்னுருவேன், சித்தப்பாக்கு ஒரு பீஸ்கூட கிடையாது, ஓகே?" தப்பும் தவறுமான தமிழ். 'நீங்க' என்று தொடங்கி 'வச்சுக்கோ' என்று முடிகிற தமிழ். ஆனால் ஓடுகிற தமிழ். மருத்துவருக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. அவருக்கே வித்தியாசம் கேட்டது. பேனாவைக் கீழே வைத்துவிட்டார். உன்னிடம் ஒரு கைக்கடிகாரத்தைக் காட்டி இது என்ன என்று இந்தியில் கேட்டார், ஆங்கிலத்தில் கேட்டார். நீ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். பிறகு சித்தியிடம் தமிழில் கேட்கச் சொன்னார். அப்போதும் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"பேச்சு எப்போதிலிருந்து இப்படி?" என்று என்னிடம் கேட்டார். விரலை மடித்து நாட்களை எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன். எங்கள் முன்னாலேயே நரம்பியல் மருத்துவர் ஒருவருக்கு போன் செய்தார். அன்றே உன்னைச் சேர்த்தோம். சேர்த்த அன்று மாலையிலேயே உனக்கு வலிப்பு வந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில், நர்ஸ் கைக்கெட்டும் தூரத்தில். வீட்டில் வந்திருந்தால் என்ற நினைப்பை நான் இன்னும் முழுசாக நினைத்து முடித்ததில்லை.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்தார்கள். உன் உடம்பின் எதிர்ப்புச் சக்தி உன் மூளையையே எதிரி என்று எண்ணித் தாக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. மூளை அழற்சியில் ஒரு வகை. பார்ப்பதற்கு மனநோய் மாதிரியே தொடங்கும் என்றார்கள். ஸ்டீராய்டு ஏற்றினார்கள், ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்து மாற்றினார்கள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து, கல்லூரியில் ஆன்டிபாடி, எதிர்ப்பொருள் என்று படம் வரைந்து பாகம் குறித்த நாட்களை நினைத்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு நல்ல மார்க் வாங்கினேன். அந்தப் படத்தில் இருந்தது ஒருநாள் என் பிள்ளையின் வாயிலிருந்து 'கடிகாரம்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு போகும் என்று யாருக்குத் தெரியும்?

பிறகு நீ சுத்தமாகப் பேசாமல் இருந்த வாரங்கள். கண் திறந்திருக்கும், நீ இருக்க மாட்டாய். எங்கே இருந்தாய் என்று கேட்கத்தான் எனக்கு இப்போதும் ஆசை. உனக்கும் தெரியாது என்கிறாய். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு அந்தக் கேள்விதான் வரும், என்ன செய்ய? ஃப்ரிட்ஜ் கேட்கிறது என்று பயந்தது நீயா, வேறு யாராவதா? நீ இல்லையென்றால், என் தோளை மட்டும் அந்த ஆள் எப்படி அடையாளம் கண்டுகொண்டான்?

திரும்பி வந்தது எந்தப் பாஷையில் என்று சொன்னால் சிரிப்பாய். உன் அப்பா கிச்சடி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாய் வாங்கினாய், முகத்தைச் சுளித்தாய். "நமக் கம் ஹை" என்றாய். உப்பு குறைவாம். வீட்டுக்குள் இந்தி பேசினால் காதைத் திருகுகிற மனிதர் கிண்ணத்தோடு வராந்தாவுக்கு ஓடிவந்தார். "ஏளா, முழுசாச் சொல்லிட்டாம்ளா! 'நமக்'கும் சொன்னான், 'கம்'மும் சொன்னான், 'ஹை'யும் சொன்னான்! ஒண்ணையும் விடல!" என்று கத்தினார். அந்த வராந்தாவில் இருந்த யாருக்கும் எதற்கு இந்த மதராஸி கிச்சடிக் கிண்ணத்தோடு அழுகிறார் என்று புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. முன்பு அந்த மனநல மருத்துவரின் வாசலில் காத்திருக்கும்போது ரோத்தக்கிலிருந்து வரும் ஒரு அம்மா எனக்குப் பழக்கம். அவர் மகனுக்கும் உன் வயதுதான். உனக்குக் குணமான பிறகு ஒருநாள் அந்த மருத்துவருக்கு நன்றி சொல்லப் போனேன். அந்த அம்மா அங்கே இருந்தார். நான் உற்சாகமாக எல்லாவற்றையும் சொன்னேன்: மனநோய் இல்லையாம், மூளையில் வீக்கமாம், நிஜமான வியாதியாம். அவர் கேட்டுவிட்டு, "நல்லது பஹன்ஜி. உங்களுக்கு நிஜ வியாதி கிடைத்தது. எங்களுக்கு இதுதான்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. என் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார். அவர் பையன் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீ எப்படிப் பயந்தாயோ அப்படித்தான் அவனும் பயந்துகொண்டிருந்தான். அவன் மாத்திரை அவனுக்குக் கேட்டது, உனக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதன்பிறகு நான் 'நிஜ வியாதி' என்று சொல்வதை விட்டுவிட்டேன். நீயும் சொல்லாதே. உன் ஹாஸ்டலில் அவனைப் போல் ஒருவன் இருக்கலாம். உனக்கு நடந்ததைச் சொல்லும்போது அவனைக் கீழே தள்ளிவிட்டு நீ மேலே ஏறிவிடக் கூடாது.

இப்போது உன் முதல் விஷயத்துக்கு வருகிறேன். யாருக்கும் சொல்லாதே என்கிறாய். இது திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் மருத்துவர். வந்தால் சீக்கிரம் கண்டுபிடிக்க வேண்டும், அது மட்டும் நிச்சயம். தில்லியில் நாங்கள் இருந்தோம், உன் பழைய குரல் சித்தியின் போனில் இருந்தது, அப்படியும் தப்பவிட்டோம். சென்னையில் உன் தமிழைக் கேட்கிறவர்கள், "தில்லிக்காரன், அப்படித்தான் பேசுவான்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நீ நின்றால் யாராவது நல்ல மனசோடு சொல்லை எடுத்துக் கொடுப்பார்கள். நான் பயப்படுவது கெட்டவர்களுக்கு இல்லையப்பா, அந்த நல்ல மனசுக்குத்தான். அதனால் வார்டனின் நம்பரை வாங்கி என் போனில் போட்டு வைத்திருக்கிறேன். நீ சொன்ன பிறகும். பெயரைத் தட்டினால் போதும், பேசிவிடலாம். இதை நீ படித்துவிட்டுக் கோபப்படு, பரவாயில்லை. கோபத்தை முழு வாக்கியமாகச் சொல்.

நேற்று வரைக்கும் எழுதியது இவ்வளவுதான். வார்டனிடம் பேச உன் சம்மதத்தைக் கேட்டு முடிப்பதாக இருந்தேன். இன்று சாயங்காலம் நீ பெட்டியில் போர்வையைத் திணித்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில்மேல் வைத்திருந்தாய். உன் அறையில் தங்கப்போகும் பையன். சேலமாம். பெட்ஷீட் யார் கொண்டுவருவது, எலக்ட்ரிக் கெட்டில் விடுவார்களா என்று ஏதோ பேசிக்கொண்டிருந்தீர்கள். நான் சமையலறையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று நீ சொன்னாய்:

"சுன், கேளு, ஒரு விஷயம். எனக்கு ரெண்டு வருஷம் முன்னாடி மூளைல வீக்கம் வந்துச்சு. இப்ப டீக் ஹூன், சரியாயிடுச்சு. ஆனா திரும்ப வந்தா நான் கொஞ்சம்... வித்தியாசமா பேசுவேன். வார்த்தை வராது. அப்படி இருந்தா நீ எங்கம்மாக்கு போன் பண்ணணும். ஜோக் இல்ல."

எனக்கு ஒரு கரண்டி மாவு தட்டுக்கு வெளியே போயிற்று.

"சரிடா, பண்றேன்" என்றான் அந்தப் பையன். "ஆனா நீ சாதாரணமா எப்படிப் பேசுவேன்னே எனக்குத் தெரியாதே? வித்தியாசம்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

நான் எவ்வளவோ படித்தும் எவ்வளவோ பேரிடம் கேட்டும் எனக்குத் தோன்றாத கேள்வி. உன்னைப் பற்றி ஊர்ப் பெயர் தவிர ஒன்றும் தெரியாத ஒரு பையன் முதல் மூச்சில் கேட்டுவிட்டான். நீ என்ன சொல்லப்போகிறாய் என்று அடுப்பைக் குறைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

"அரே, அதுக்குத்தான பேசிட்டு இருக்கேன்" என்றாய். "கேட்டுக்கோ."

பிறகு நீங்கள் கிரிக்கெட்டுக்குப் போய்விட்டீர்கள். நடுவில் ஒரு இடத்தில் உனக்குச் சொல் கிடைக்காமல் நின்றாய். எனக்கு அந்தச் சொல் தெரியும், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பையனும் எடுத்துக் கொடுக்கவில்லை. நீயே தேடி எடுத்தாய். தப்பான சொல்தான். அவன் விழுந்து விழுந்து சிரித்தான், நீயும் சிரித்தாய்.

வார்டனின் நம்பரை இப்போதுதான் அழித்தேன். அந்தச் சேலத்துப் பையனிடம் என் நம்பரைக் கொடுத்துவிடு, ஐயா. நீ கொடு, அவன் நம்பரை நான் கேட்டு வாங்க மாட்டேன்.

அம்மா